புதுப்பிப்பு: பழைய டிரெய்லரைக் குளிருக்குத் தயார் செய்தாச்சு

புதிதாக வாங்கிய பழைய டிராவல் டிரெய்லருக்கு (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு), மினசோட்டா குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றினால் போதுமா, பிங்க் ஆன்டிஃப்ரீஸும் (குளிரில் குழாயைக் காக்கும் இளஞ்சிவப்புத் திரவம்) விட வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டுமே செய்துவிட்டேன், காற்றழுத்தத்தை 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாண்ட விடவில்லை. வாட்டர் ஹீட்டருக்குள் எதுவும் போகாமல் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் தேடவே ஒரு மணி நேரம் போச்சு, கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றினால் அங்கே ஒளிந்திருக்கிறது. அதைத் திருப்பாமல் விட்டிருந்தால் 6 கேலன் ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டருக்குள்ளேயே போயிருக்கும். ஹீட்டரிலிருந்து கழற்றிய ஆனோடு கம்பியோ (தொட்டி அரிக்காமல் இருக்க, தான் அரிபடும் கம்பி) சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி! புதுசு வாங்கணும். அப்புறம் ஒவ்வொரு குழாயையும், சுடுதண்ணீர்ப் பக்கத்தையும் சேர்த்து, பிங்க் வரும்வரை திறந்துவிட்டேன். வெளி ஷவரை மறந்தே போனேன், மனைவிதான் ஞாபகப்படுத்தினாள். மொத்தம் 2 கேலன் பிடித்தது.