எல்1544 மேகத்தின் நடுவில் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு குறையுமா? கணக்கைச் சரிபார்க்க உதவி வேண்டும்

பாளை மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்கு ரிஷப விண்மீன் கூட்டத்தில் இருக்கும் எல்1544 என்ற குளிர் மேகத்தை (விண்வெளியில் வாயுவும் தூசியும் திரண்ட மேகம்) எடுத்திருக்கிறேன். பொதுவில் கிடைக்கும் தரவை வைத்துத்தான் வேலை. இங்கே பக்கத்தில் இந்தத் துறையில் கேட்க ஆள் இல்லை, அதனால்தான் இந்த இழை.

மேகத்தின் நடுப்புள்ளியில் சி-18-ஓ (ஆக்சிஜன்-18 உள்ள கார்பன் மோனாக்சைடு, அதாவது சிஓ) நிறமாலைக் கோட்டின் (109.78 கிகாஹெர்ட்ஸ்) பரப்பு 1.2 கெல்வின் கிமீ/வினாடி. கார்பன்-13 உள்ள 13-சிஓ (110.20 கிகாஹெர்ட்ஸ்) 3.6. வெப்பநிலை 10 கெல்வின். இரண்டு கோடுமே மெல்லியது (முன்னால் உள்ள வாயு பின்னால் உள்ளதை மறைக்காது) என்று வைத்துப் பார்வைக் கோட்டில் உள்ள மூலக்கூறுகளை எண்ணினேன். பிறகு ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் தூசிப் படத்தில் கிடைத்த ஹைட்ரஜனால் (சதுர சென்டிமீட்டருக்கு 6 × 10²²) வகுத்தேன். ஐசோடோப்பு விகிதம் (ஆக்சிஜன் 16/18, கார்பன் 12/13) 550, 70 என்று எடுத்துச் சாதாரண சிஓவுக்கு மாற்றினால், 18 வழியாக 1.1 × 10⁻⁵ வருகிறது, 13 வழியாக 4 × 10⁻⁶ வருகிறது. பாடப்புத்தகம் 10⁻⁴ என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை. எங்கே பார்ப்பது?

பொதிகையடி:
எண்களை முழுசாகக் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா, அதுவே பாதி வேலை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். நடுப்புள்ளியை விட்டு மேகத்தின் ஓரத்தில் இதே கணக்கைப் போட்டீர்களா?

பாளை மாணவி:
போட்டேன் அண்ணாச்சி. ஓரத்தில் ஹைட்ரஜன் 7 × 10²¹, சி-18-ஓ பரப்பு 1.1. அங்கே சிஓ கிட்டத்தட்ட 9 × 10⁻⁵ வருகிறது.

பொதிகையடி:
அப்படியானால் பாதிச் சந்தேகம் இப்போதே தீர்ந்தது. பார்ட்டிஷன் ஃபங்ஷனில் (மூலக்கூறுகள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற கணக்கு) 10 கெல்வினுக்குப் பதில் 300 கெல்வின் மதிப்பைப் போட்டிருந்தாலோ, தூசியின் ஒபாசிட்டியில் (ஒளியை உறிஞ்சும் திறன்) ஏற்கெனவே அடங்கிய 100 என்ற வாயு-தூசி விகிதத்தை மறுபடி பெருக்கியிருந்தாலோ, ஆன்டெனா வெப்பநிலையை மெயின் பீமுக்கு (தொலைநோக்கியின் முதன்மைப் பார்வை வட்டம்) மாற்றாமல் விட்டிருந்தாலோ, ஓரமும் நடுவும் சேர்ந்தே தவறியிருக்கும். ஓரம் சரியாக இருக்கிறது. 10 கெல்வினில் 1 கெல்வின் கிமீ/வினாடிக்குச் சுமார் 10¹⁵ சி-18-ஓ மூலக்கூறுகள். உங்கள் எண்கள் அதோடு பொருந்துகின்றன.

அடுத்து, இரண்டு வழிக்கும் உள்ள முரண்பாடு. மேகத்தில் 13-சிஓவும் சி-18-ஓவும் 550/70, அதாவது சுமார் 8-க்கு 1 என்று இருக்க வேண்டும். உங்கள் கோடுகள் 3-க்கு 1 என்றுதான் இருக்கின்றன. 13-சிஓ கோடு தடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் தரையில் நின்று படம் எடுத்தால் முன்வரிசைத் தலைகள்தானே விழும்? பின்னால் ஆயிரம் பேர் கூடினாலும் படத்தில் எண்ணிக்கை ஏறாது. அந்தக் கோட்டின் நிலைமையும் அதுதான்.

இதைக் கணக்காகவே போடலாம். சி-18-ஓவின் ஒளியியல் ஆழம் (கோடு எவ்வளவு தடித்தது என்ற அளவு, τ) x என்றால் 13-சிஓவுக்கு 8x. (1 − e⁻⁸ˣ) ÷ (1 − e⁻ˣ) = 3 என்ற சமன்பாட்டுக்கு x சுமார் 0.38 வரும். 13-சிஓவுக்கு 3. மெல்லிய கோடு என்று எடுத்து வந்த எண்ணை τ ÷ (1 − e⁻τ) என்ற காரணியால் பெருக்குங்கள்.

பாளை மாணவி:
பெருக்கினேன். 13 வழிக்கு 3.2 மடங்கு, 18 வழிக்கு 1.2 மடங்கு. இரண்டுமே 1.3 × 10⁻⁵ என்று வந்து நிற்கின்றன! ஆனால் ஓரத்தோடு பார்த்தால் இன்னும் ஏழில் ஒரு பங்குதான். இது எதனால்?

நெல்லை ரேடியோ:
தங்கச்சி, பீமைச் சமப்படுத்தினாயா? 110 கிகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் தொலைநோக்கிக்குப் பீம் 22 வில்விநாடி. ஹெர்ஷலின் 500 மைக்ரான் படம் 36. சிஓ படத்தையும் 36-க்கு மழுங்கடித்த பிறகுதான் வகுக்க வேண்டும்.

பாளை மாணவி:
ஆமாம் அக்கா, அதை முதலிலேயே செய்துவிட்டேன்.

நெல்லை ரேடியோ:
அப்படியென்றால் உன் கணக்கை நம்பு. மேகத்தில் நடப்பதையே அது காட்டுகிறது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்போது தூசி எட்டு மடங்கு ஏறுகிறது, சி-18-ஓ பரப்போ 1.1-லிருந்து 1.2 ஆகிறது, அவ்வளவுதான். அங்கே சிஓ தூசித் துகள் மேல் பனியாக ஒட்டிக்கொள்கிறது. கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஹைட்ரஜன் மூலக்கூறு அடர்த்தியில் அதற்குச் சுமார் 10,000 வருடம் போதும். மேகத்தின் வயதுக்கு அது சொற்ப காலம். 1999-இல் பவோலா கசெல்லி குழுவினர் இதே எல்1544-இல், இன்னும் மெல்லிய சி-17-ஓ கோட்டை வைத்து, நடுவில் சிஓ சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

உன் ஏழு மடங்கே குறைவான மதிப்பீடாகத்தான் இருக்கும். பார்வைக் கோட்டில் முன்னும் பின்னும் உள்ள வெளி அடுக்குகளின் சிஓவும் இதில் சேர்கிறது. போதாததற்கு, தூசிக்கு ஒரே வெப்பநிலை வைத்துப் பொருத்தினால், வெளியே உள்ள சூடான தூசி உள்ளே இருக்கும் குளிர்ந்த தூசியை மறைத்து, ஹைட்ரஜனைக் குறைத்துக் காட்டும். இந்த இரண்டையும் அறிக்கையில் எழுது. ஹைட்ரஜன் மூலக்கூறு 10 கெல்வினில் தானாக ஒளிர்வதில்லை, அதன் முதல் நிலைக்கே 510 கெல்வின் வேண்டும். அதனால் எப்போதும் தூசியை நம்பித்தான் வகுக்கிறோம். ஒபாசிட்டியில் இரண்டு மடங்கு வரை பிழை இருக்கலாம். ஆனால் அது இரண்டு இடத்திலும் ஒன்றாகவே விழும், நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதத்தை அவ்வளவாகப் பாதிக்காது.

பொதிகையடி:
இன்னொரு சோதனையும் இருக்கிறது. 93.17 கிகாஹெர்ட்ஸில் என்2எச்+ (நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி) கோடு. சிஓ இருந்தால் அந்த அயனியை அழித்துவிடும். சிஓ உறைந்த இடத்தில்தான் அது நிலைக்கும். உங்கள் நடுப்புள்ளியில் அது தூசியோடு சேர்ந்து ஏறினால் வாதம் உறுதியாகும். அதன் ஏழு உட்கோடுகளின் உயர விகிதத்தைப் பொருத்தினாலே ஒளியியல் ஆழம் கிடைத்துவிடும், ஐசோடோப்பு தேவையில்லை.

பாளை மாணவி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. என்2எச்+ தரவு கிடைக்கிறது, இன்று ராத்திரியே இறக்குகிறேன். சிஓ, என்2எச்+, தூசி மூன்றையும் ஒரே வெட்டில் வரைந்து, பிழைக்கோடுகளோடு இங்கே போடுகிறேன்.