புதுப்பிப்பு: பத்மினி ரோட்டுக்கு வந்தாச்சு

குளச்சல் வீட்டு ஷெட்டில் கிடந்த அப்பாவோட பிரீமியர் பத்மினி காரை வீட்டிலேயே வச்சு சரிபண்ணப் போறேன்னு முன்னே எழுதியிருந்தேன். முடிஞ்சது மக்கா! நேத்து தக்கலை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்.

இன்ஜின் பெரிய தொல்லை தரல. 1089 சிசி, நாலு சிலிண்டர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்குல பொறி வர வைக்கிற பாயின்ட்டோட இடைவெளியை (கேப்) சரியா வச்சதும் பிடிச்சுக்கிச்சு. உயிரை வாங்கினது துருதான். டிரைவர் பக்கம் மேட்டைத் தூக்கினா தரைத்தகடு அப்பளமா நொறுங்குது, ஓட்டை வழியா கீழே மண்ணு தெரியுது. தகடு வேலை பார்க்கிற டிங்கர் அண்ணாச்சி பார்த்துட்டு, "கடக்காத்து தின்ன வண்டி மக்ளே, மேல பட்டிப் பூச்சு போட்டு மூடினா அடுத்த மழைக்கே உரிஞ்சிரும்"னார். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வச்சு வெல்டிங் அடிச்சார். கதவுக்கு அடியில தண்ணி வடியுற துளைகள் அடைஞ்சு கிடந்துச்சு, கம்பி விட்டுக் குத்தித் திறந்தோம். கடலோரத்தில் பழைய கார் வச்சிருக்கவங்க முதல்ல அதைப் பாருங்க.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கியர் கம்பியை எடுத்துட்டு, தரையில வர்ற ஃப்ளோர் கியர் வைக்கச் சொன்னவங்களுக்கு: மாத்தல. அது இல்லாட்டி அப்புறம் என்ன பத்மினி?

ஆர்.சி. 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. பின்பக்கக் கண்ணாடியைச் சுத்தி வர்ற ரப்பர் பீடிங் மட்டும் கிடைக்கல. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது இருந்தா சொல்லுங்க.