முத்தையன்கட்டுக் காணியிலை மூண்டு நாள்: எந்த மாதம், எந்த வழி?

வலதுகரை:
முல்லைத்தீவு மாவட்டத்திலை, முத்தையன்கட்டுக் குளத்தின்ரை வலதுகரையிலை 3 ஏக்கர் காணி. 2 ஏக்கர் வயல், மிச்சம் மேட்டுக்காணி. அதிலை கச்சானும் வாழையும். வெளிநாட்டிலை இருந்து சொந்தக்காரர் எட்டுப்பேர் வருகினம். எழுபது தாண்டினவையும் சின்னப்பிள்ளையளும் இருக்கினம். காணி வீட்டிலைதான் தங்கல். வேலை நடக்கிற வயலும் பாக்கவேணும், ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, வற்றாப்பளையும் போகவேணும் எண்டு நிக்கினம். எந்த மாதம் சரிவரும்? இன்னொண்டு: மேட்டுக்காணியை உழேக்கை ஓரத்திலை பழைய செங்கல் துண்டுகள் கிளம்பினது. அதை என்ன செய்யிறது?

பாலையடி:
வயல் முக்கியமெண்டால் மாசிதான். புரட்டாதி, ஐப்பசியிலை விதைச்ச காலபோக நெல் அப்ப வெட்டுக்கு வந்திடும், குளத்திலையும் தண்ணி நிக்கும், கிரவல் வீதியும் காய்ஞ்சிருக்கும். கார்த்திகை, மார்கழியிலை கூப்பிடாதேங்கோ. மழைக்கு உள்வீதியள் அறுக்கும், குளம் நிரம்பி வான் பாஞ்சால் வாகனம் மறுகரையிலை நிண்டிடும்.

வெட்டுக் காட்டுறதெண்டால் காலமை எட்டு மணிக்கு முதல் மெஷினை இறக்காதேங்கோ. பனி ஈரத்தோடை வெட்டினால் வைக்கோல் உள்ளுக்கை சிக்கும், நெல்மணி கதிரோடையே வெளியிலை போகும். அதுவரைக்கும் பிள்ளையளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பேராற்றுத் தண்ணி குளத்துக்கு வாறது, துருசாலை (தண்ணி திறக்கிற மதகாலை) பெரிய வாய்க்காலுக்கு இறங்கிறது, அங்கையிருந்து கிளை வாய்க்காலாலை உங்கடை வரம்பு வரைக்கும் வாறது: அந்த வழியை நடந்தே காட்டலாம். கடைசி வயலுக்குத் தண்ணி ஏன் பிந்துது, ஏன் முறை வைச்சு விடுகினம் எண்டது அப்ப சொல்லாமலே விளங்கும். பின்நேரம் நெல் காயப்போடுறதைப் பாக்கட்டும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

முள்ளியவளையான்:
இடங்களை ஒரு நாளிலை அடுக்காதேங்கோ, வயசானவை களைச்சுப்போவினம். முதல் நாள் வயலும் குளமும். ரெண்டாம் நாள் காலமைப் பூசைக்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம். குரக்கன் தாளைச் சுட்ட நெருப்புக்கு நடுவிலை கருகாமல் நிண்ட லிங்கம் எண்டுதான் ஐதீகம். கமக்காரன்ரை காணியிலை தொடங்கின கோயில் எண்டதாலை, வயலுக்கு அடுத்ததாய் அதை வைக்கிறதுதான் பொருத்தம்.

அங்கையிருந்து கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிட்டை இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சது 1803 ஆகஸ்ட் 25. ஆங்கிலேயப் படையின்ரை கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடிச்சது அதே வருசம் ஒக்ரோபர் 31. கற்சிலைமடுவிலை ஆங்கிலேயர் நட்ட கல்லு தோல்வியைத்தான் சொன்னது, இறந்தான் எண்டு சொல்லேல்லை. ரெண்டையும் ஒண்டாக்கிப் பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. வெயில் ஏற முதல் போங்கோ.

மூண்டாம் நாள் ஏ-34 வீதியாலை முள்ளியவளை காட்டு விநாயகர், பிறகு நந்திக்கடல் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். கோட்டை பாக்கவெண்டு முல்லைத்தீவு வரைக்கும் இழுக்காதேங்கோ, நிமிந்து நிக்கிற கட்டடம் ஒண்டும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கல்தான் பாக்கவேணுமெண்டால் மாசியை விட்டிட்டு வைகாசிக்கு வரட்டும். விசாகத்தை ஒட்டின திங்கட்கிழமை பொங்கல். சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலை கடல்தண்ணி எடுத்து, அதாலை விளக்கெரிக்கிற மரபு ஒரு கிழமைக்கு முதலே காட்டு விநாயகரிலை தொடங்கிடும். பொங்கலண்டு சனத்துக்குள்ளை வயசானவையைக் கொண்டுபோறது கஷ்டம். கடல்தண்ணி விளக்கை முந்தின நாளுகளிலை காட்டு விநாயகரிலையே ஆறுதலாய்க் கும்பிடலாம்.

துருசடி:
செங்கல் விசயத்திலை உழவை உடனை நிப்பாட்டுங்கோ. துண்டுகளைப் பொறுக்கி வீட்டை கொண்டுவராதேங்கோ, கழுவாதேங்கோ. எந்த ஆழத்திலை எந்த அடுக்கிலை கிடக்கு எண்டதிலைதான் அதின்ரை காலம் தெரியும், இடம் மாறினால் அது வெறும் கல்லு. கிடந்தபடியே அளவுகோல் வைச்சுப் படமெடுத்து, கிராம அலுவலருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்திலை அறிவியுங்கோ. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இதுக்குப் பொருந்தும். புதையலெண்டு ஆரும் தோண்ட வந்தால் விடாதேங்கோ, அது குற்றம்.

யானையையும் மறக்காதேங்கோ. நெல்மூட்டையும் வாழைக்குலையும் ஆக்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்திலை இருக்கக்கூடாது, மணத்துக்குச் சுவரை இடிக்கும். பொழுதுபட முதல் வீடு திரும்புங்கோ. மின்வேலி இருந்தால் கம்பியிலை முட்டுற கொடி, புல்லை ஆக்கள் வர முதலே வெட்டுங்கோ. பச்சைக்கொடியாலை மின் நிலத்துக்கு இறங்கி வேலி சோர்ந்திடும், யானை அதை விளங்கிக்கொள்ளும்.

பற்றைக்குள்ளை பிள்ளையளை விடவே வேண்டாம். கண்ணிவெடி எண்டு எச்சரிக்கிற மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லாத இடம் பாதுகாப்பெண்டு அர்த்தமில்லை, மழை மண்ணை அரிச்சால் பழைய வெடிபொருள் மேலை வரும். கண்டால் தொடாமல் வந்த அடியிலேயே திரும்பி பொலிஸ் 119 க்கு எடுங்கோ.

வலதுகரை:
நன்றி. மாசிதான் சரி. கிணத்துத்தண்ணி கொஞ்சம் உவர், கொதிக்கவைச்சால் காணுமோ?

பாலையடி:
கொதிக்கவைச்சால் கிருமி சாகும், உவர் போகாது. குடிக்கிறதுக்கு வடிகட்டின தண்ணி கானிலை எடுங்கோ, ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் கணக்கு. எட்டுப்பேருக்கு மூண்டு நாளைக்கு 72 லீற்றர். சமையலுக்கு வேறையாய் எடுக்கவேணும்.