கர்ப்பிணியெண்டு காசுமேசையாலை எழுப்பினால் சட்டம் கைகுடுக்குமோ?

கோண்டாவில் சைக்கிள்:
என்ரை தங்கச்சி யாழ்ப்பாணம் டவுனிலை ஒரு புடைவைக்கடையிலை நாலு வருசமாக் காசுமேசையிலை நிக்கிறாள். கடையின்ரை பேர் வேண்டாம். கர்ப்பமெண்டு சொன்ன கிழமையே மேல்மாடி ஸ்டோருக்கு மாத்திப்போட்டினம். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிறது, துணிக்கட்டுத் தூக்கிறது. முந்தநாள் மனேச்சர் கூப்பிட்டு, "பிள்ளை, நீராவே ஒரு விலகல் கடிதம் எழுதித் தாரும், குழந்தை வளந்தாப்பிறகு பாப்பம்" எண்டிருக்கிறார். அம்மா எழுதிக் குடுக்கச் சொல்லுறா. நான் வேண்டாமெண்டு நிக்கிறன். விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

முத்திரைச்சந்தி:
இதிலை யோசிக்க என்ன இருக்கு? அரசியலமைப்பின்ரை 12ஆம் உறுப்புரை தெளிவாச் சொல்லுது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் எண்டு ஒண்டாலையும் பாகுபாடு காட்டேலாது. கொழும்பு உயர் நீதிமன்றிலை அடிப்படை உரிமை மனுப் போடுங்கோ. ஒரு மாதத்துக்குள்ளை போடோணும், கவனம்.

பழைய கிளாக்கர்:
தம்பி முத்திரைச்சந்தி, பாதியைச் சொல்லி ஆளைக் கொழும்புக்கு பஸ் ஏத்திப்போடாதையும். அடிப்படை உரிமை மனு நிர்வாகத்துறையின்ரை செயலுக்கு எதிராத்தான். அரச திணைக்களம், மாகாணசபை எண்டால் சரி. தனியார் புடைவைக்கடையை அதிலை இழுக்கேலாது. அரச வேலையிலை இருக்கிறவை ஆரும் வாசிச்சால் அவைக்கு ஒண்டு: அந்த ஒரு மாதத்துக்குள்ளை மனித உரிமைகள் ஆணைக்குழுவிலை முறைப்பாடு குடுத்தால், அங்கை விசாரணை நடக்கிற காலத்தை அந்த மாதத்திலை சேர்க்கிறேல்லை. 1996ஆம் ஆண்டின்ரை 21ஆம் இலக்கச் சட்டத்திலை இருக்கு. யாழ்ப்பாணத்திலையே அவையின்ரை அலுவலகம் இருக்கு.

தங்கச்சியின்ரை கதை வேறை. அந்தக் கடிதத்தை மட்டும் எழுதவேண்டாம்.

சுன்னாகம் கடை:
எல்லாரும் முதலாளியைப் பிடிச்சுத் தின்னுறியள். என்னட்டை ஏழு பேர் வேலை செய்யினம். ஒரு பிள்ளைக்குப் பேறுகால லீவு 84 நாள், முழுச் சம்பளமும் நான்தான் குடுக்கோணும். அரசாங்கம் ஒரு சதம் தராது. அந்த 84 நாளுக்கும் வேறை ஆள் பிடிச்சால் அதுக்கும் சம்பளம். தீபாவளி வியாபாரத்திலை காசுமேசை வெறுமையாக் கிடக்க ஏலுமோ? உண்மையைச் சொல்லுறன், அதாலைதான் நான் புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளையளை எடுக்கிறேல்லை.

முத்திரைச்சந்தி:
அண்ணை, உங்கட வாயாலையே வந்திட்டுது.

சுன்னாகம் கடை:
வந்தால் வரட்டும். எத்தினை கடையிலை இதுதான் நடக்குது, ஆர் வழக்குப் போட்டவை?

பழைய கிளாக்கர்:
ஒருத்தரும் போடேல்லை, ஏனெண்டால் ஆளை எடுக்கிற கட்டத்திலை தனியார் முதலாளியைப் பிடிக்க அப்பிடி ஒரு பொதுச் சட்டமே எங்களிட்டை இல்லை. தொழிலிலை பாகுபாடு கூடாதெண்ட சர்வதேசத் தொழில் அமைப்பின்ரை 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இலை ஏற்றது. அதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நேரை நீதிமன்றுக்குப் போகேலாது. 84 நாள் பாரம் முழுக்க முதலாளியின்ரை தலையிலை எண்டதும் நியாயமான முறைப்பாடுதான், சுன்னாகத்தார். ஆனால் அதை அரசாங்கத்திட்டைக் கேக்கோணும், வயித்துப்பிள்ளைக்காரியிட்டை அறவிடக்கூடாது.

ஆளை நிப்பாட்டிற கட்டத்திலை சட்டத்துக்குப் பல் இருக்கு. கர்ப்பம் எண்ட ஒரே காரணத்துக்காக வேலையாலை நிப்பாட்டேலாது. அதைவிட, 1971ஆம் ஆண்டின்ரை 45ஆம் இலக்கச் சட்டம்: 15 பேர் அல்லது கூட ஆக்கள் உள்ள இடத்திலை, முந்தின 12 மாதத்திலை 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிப்பாட்டிறதெண்டால் அவரின்ரை எழுத்துமூலச் சம்மதம் வேணும், இல்லாட்டித் தொழில் ஆணையாளரின்ரை அனுமதி வேணும். மனேச்சர் ஏன் கடிதம் கேக்கிறார் எண்டு இப்ப விளங்குதோ?

கோண்டாவில் சைக்கிள்:
ஐயா, ஆக்கள் 20க்கு மேலை இருப்பினம். கடிதம் குடுத்தால் என்ன ஆகும்?

பழைய கிளாக்கர்:
கடைக்கார் "நாங்கள் நிப்பாட்டினது உண்மை" எண்டு ஒத்துக்கொண்டால், ஏன் நிப்பாட்டினது எண்டு நியாயம் காட்டிற பாரம் அவையிலை. "அவவாத்தான் விலகினவ" எண்டு கடிதத்தைத் தூக்கிக் காட்டினால், வற்புறுத்தித்தான் எழுதுவிச்சவை எண்டு நிரூபிக்கிற பாரம் தங்கச்சியிலை விழும். நாலு வரிக் கடிதம், நாலு வருசச் சேவையைத் தின்னும். நிப்பாட்டினால் ஆறு மாதத்துக்குள்ளை தொழில் ஆணையாளருக்கோ, வேலைப் பிணக்கை விசாரிக்கிற தொழில் நியாயசபைக்கோ போகலாம். நியாயசபைக்கு 15 பேர்க் கணக்கு இல்லை, சுன்னாகத்தார் கவனிக்க.

எவடம்:
ஒருத்தரும் கதைக்காத ஒண்டு. போன வருசம் ஒரு இடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போனன். சேட்டிபிக்கேற்றைப் பாக்க முதல் கேட்ட கேள்வி, "ஊரிலை எவடம்?" சொன்னன். "அறிவிக்கிறம்" எண்டினம். இண்டைக்கும் அறிவிக்கினம். இதுக்கு என்ன சட்டம், ஐயா?

சுன்னாகம் கடை:
சாதி பாக்கிறதெல்லாம் இப்ப இல்லை. ஆளைத் தெரிஞ்சுகொள்ளக் கேக்கிறதுதான்.

எவடம்:
கேக்கிற உங்களுக்கு இல்லை அண்ணை, சொல்லுற எனக்கு இருக்கு.

பழைய கிளாக்கர்:
1957ஆம் ஆண்டின்ரை 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. சாதியைச் சாட்டி ஒருவரைச் சட்டபூர்வமான தொழில் செய்ய விடாமல் தடுக்கிறதும் அதிலை குற்றம். சட்டம் வந்து ஒன்பது வருசம் கழிச்சு, 1966 ஒக்ரோபர் 21இலை சுன்னாகத்திலை இருந்துதான் சாதிக் கொடுமைக்கு எதிராச் சனம் ஊர்வலமா வெளிக்கிட்டது. தேத்தண்ணிக் கடையிலை ஒரே கிளாஸிலை குடிக்கிறதுக்கே பிறகும் அடிபடவேண்டி இருந்தது. உங்களுக்கு நான் பொய் நம்பிக்கை தரமாட்டன், "அறிவிக்கிறம்" எண்ட சொல்லை வைச்சு வழக்கு நிக்காது. அங்கவீனமானவைக்கு எண்டால் 1996ஆம் ஆண்டின்ரை 28ஆம் இலக்கச் சட்டத்திலை, ஆள் எடுக்கேக்கை பாகுபாடு காட்டினால் மேல் நீதிமன்றுக்குப் போக வழி இருக்கு. போரிலை கால் போன பொடியள் இவ்வளவு பேர் உள்ள ஊரிலை அதுவும் கனபேருக்குத் தெரியாது.

முத்திரைச்சந்தி:
அப்ப தங்கச்சி இப்ப என்ன செய்யோணும்? நான் முந்திச் சொன்னது பிழை, ஒத்துக்கொள்ளுறன்.

பழைய கிளாக்கர்:
கர்ப்பத்தை எழுத்திலை அறிவிக்கட்டும், டொக்டரின்ரை துண்டோடை. கொப்பியிலை கடைக்காரின்ரை கையெழுத்து, தராட்டிப் பதிவுத்தபால். ஸ்டோருக்கு மாத்தின திகதி, கடிதம் கேட்ட திகதி, ஆர் பக்கத்திலை நிண்டது எல்லாம் ஒரு கொப்பியிலை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) ஒழுங்காக் கட்டுப்படுதோ எண்டும் பாருங்கோ. பிறகு தொழில் திணைக்களத்துக்கு நேரை போங்கோ, லோயர் பிடிக்கிறதைப் பிறகு பாக்கலாம்.

சுன்னாகம் கடை:
முதலாளியோடை பகைச்சுக்கொண்டு பிறகு அங்கை எப்பிடி நிக்கிறது? டவுன் சின்னது, கதை பரவும், வேறை கடையும் எடுக்காது. அம்மா சொல்லுறதிலையும் விசயம் இருக்கு தம்பி.

கோண்டாவில் சைக்கிள்:
அண்ணை சொன்னதைத்தான் அம்மாவும் இரவிரவாச் சொன்னவ. நேற்றுப் பின்னேரம் தங்கச்சி கடிதம் எழுதித்தான் குடுத்தவள். விலகல் கடிதம் இல்லை, எத்தினை மாதம் எண்டும் பாரம் தூக்க ஏலாதெண்டும் எழுதி, கிளினிக் துண்டையும் சேர்த்து. மனேச்சர் வாசிச்சிட்டு ஒண்டும் கதைக்கேல்லையாம், கொப்பியிலை கையெழுத்து மட்டும் வைக்க மாட்டனெண்டிட்டார். இண்டைக்குக் காலமை பெரிய தபால்கந்தோரிலை பதிவுத்தபால் போட்டாச்சு. நியமனக் கடிதம் குடுக்கவே இல்லை எண்டும் இப்பதான் தெரியுது. பழைய சம்பளத்துண்டு மூண்டு அலுமாரிக்குள்ளை சீலைக்குக் கீழை கிடந்தது. அது காணுமோ, ஐயா?

பழைய கிளாக்கர்:
தொடங்கக் காணும். மூண்டையும் போட்டோ எடுத்து உம்மட போனிலையும் வைச்சிரும்.