புதுப்பிப்பு: பாரிஸ் – இன்டர்லாக்கன் – வெனிஸ் தேனிலவு, 10 இரவு

போய்விட்டு வந்தாயிற்று. மூன்று நாடு சுற்ற ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) எந்த நாட்டில் போடுவது, ரயிலுக்கு எந்த பாஸ் எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விசா: "இறங்கும் நாட்டைப் பார்க்காதே, இரவுகளை எண்ணு" என்றவர் சொன்னதுதான் சரி. பாரிஸ் 3, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் 4, வெனிஸ் 3. ஆகவே விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்கு. இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் தலைக்கு 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

விமானம் பாரிஸில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புவதாகப் போட்டோம். பாரிஸுக்கே திரும்பியிருந்தால் ஒரு முழு நாள் வீண்.

ரயில்: சுவிஸ் டிராவல் பாஸ் (ஒரே பாஸில் நாடு முழுக்க ரயிலில் சுற்றலாம்) வேண்டாம், ஹாஃப் ஃபேர் கார்டு (டிக்கெட்டைப் பாதி விலையில் வாங்க உதவும் அட்டை) போதும் என்ற யோசனை பலித்தது. ஒரே ஊரில் தங்கி மலை ரயில் ஏறுபவர்களுக்கு அதுதான் லாபம். பனிமலை உச்சி ரயில் நிலையமான யுங்ஃப்ராயோக்குக்கு டிக்கெட் பாதி விலை. டிராவல் பாஸில் அந்த மலைப் பாதையின் மேல்பகுதிக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. பாரிஸிலிருந்து இன்டர்லாக்கனுக்கு பாசல் வழி போனோம், அங்கிருந்து வெனிஸுக்கு ஸ்பீஸ், மிலான் வழி.

எதிர்பாராதது இரண்டு. பாரிஸில் வேலை செய்த தடித்த இருமுனை அடாப்டர் சுவிஸ் பிளக் பாயிண்டில் நுழையவே இல்லை; மெல்லிய இருமுனை நுழையும். வெனிஸுக்குப் போகும்போது அதற்கு முந்தைய மெஸ்த்ரே நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், இறங்க வேண்டியது கடைசி நிலையமான சாந்தா லூச்சியா. அங்கே பாலமெல்லாம் படிக்கட்டு, பெரிய பெட்டி ஆகவே ஆகாது. ஹோட்டலில் நகர வரி தனி.