லூகர் ரெப்ளிக்கா வாங்கலாமா, இல்ல காசுக்கு கேடா?

தூசிதட்டி:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்குற ஆசை இது. உலகப்போர் சாமான் மேல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, ஒரு ஹெல்மெட், பழைய மேப், மெடல் ரிப்பன்னு கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். இப்ப பிஸ்டல் ரெப்ளிக்கா ஒண்ணு வாங்கணும்னு தோணுது, ஜெர்மன்காரங்களோட லூகர் பி08 இல்லனா அமெரிக்காவோட கோல்ட் எம்1911, ரெண்டுல ஒண்ணு. சுடுறதுல துளிகூட ஆர்வம் இல்ல, ஷெல்ஃப்ல இருக்கணும், எப்பவாவது கையில எடுத்து அது எப்படி ஓடுதுன்னு பாக்கணும், அவ்ளோதான். ஆனா வீட்டுல "துப்பாக்கி மாதிரி ஒண்ணு இங்க எதுக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க, அதையும் தப்புன்னு சொல்ல முடியல. வாங்கினவங்க நல்லது கெட்டது மறைக்காம சொல்லுங்க. ரெண்டு மாசத்துல சலிச்சு போயிடுமா?

முழங்கால்பூட்டு:
எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான்னா கண்ண மூடிட்டு லூகர். 1911 சாதாரண துப்பாக்கி இல்ல, ஜான் பிரவுனிங் டிசைன், அமெரிக்க ராணுவம் 1911ல எடுத்து 1985ல பெரெட்டா பிஸ்டலுக்கு மாறுற வரைக்கும் அதையேதான் வச்சிருந்தாங்க. ஆனா அதுல ஸ்லைடு, அதாவது குழல மூடியிருக்குற மேல் பாகம், பின்னாடி போகும் முன்னாடி வரும், இப்ப இருக்குற முக்காவாசி பிஸ்டல் அப்படித்தானே, பாத்து பாத்து பழகிடுச்சு. லூகர்ல மேல டாகிள்னு ஒண்ணு இருக்கும், நீட்டி வச்ச முழங்கால் மாதிரி நேரா படுத்திருக்கும், நேரா இருக்குற வரைக்கும் பின்னாடி எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. சுட்டதும் குழலும் டாகிளும் சேந்தே கொஞ்ச தூரம் பின்னாடி வரும், அங்க ஃப்ரேம்ல இருக்குற சரிவுல டாகிளோட ரெண்டு பக்க குமிழும் மோதும், உடனே முழங்கால் பொசுக்குன்னு மேல மடங்கி சுட்ட தோட்டாவோட காலி கூட வெளிய எறியும். இத படத்துல எத்தனையோ தடவ பாத்திருக்கேன், ரெப்ளிக்காவுல அந்த குமிழ புடிச்சு இழுத்தப்பதான் நிஜமாவே மண்டையில ஏறுச்சு. எனக்கு நாலு வருஷமாச்சு, இன்னும் சலிக்கல.

ஒண்ணு மட்டும் கேட்டு வாங்குங்க. ஒரிஜினல்ல உள்ள தோட்டா இருந்தா எக்ஸ்ட்ராக்டர், அதாவது காலி கூட புடிச்சு இழுக்குற கொக்கி, லேசா தூக்கிக்கும், அதோட இடது பக்கத்துல 'கெலாடன்'னு ஜெர்மன்ல தெரியும், லோடு ஆகியிருக்குன்னு அர்த்தம், இருட்டுல விரலால தடவியே தெரிஞ்சுக்கலாம். மலிவான ரெப்ளிக்காவுல அந்த பீஸ பாடியோட சேத்தே வாத்துடுவாங்க, அசையவே அசையாது. எதெது அசையும்னு முன்னாடியே கேக்கலன்னா வெறும் பேப்பர் வெயிட் வாங்கின கதைதான்.

பெயிண்ட்போச்சு:
நான் கெட்டத சொல்றேன். சுடாத ரெப்ளிக்கா நிறைய வர்றது ஜமாக்னு ஒரு ஜிங்க் அலாய்ல, எஃகு இல்ல. எடை ஓரளவு ஏமாத்திடும், நிஜ 1911 காலியா 1.1 கிலோ கிட்ட, லூகர் 870 கிராம் சுமார், நல்ல ரெப்ளிக்கா அது பக்கத்துல வந்துடும். பூச்சுதான் பிரச்சனை. நான் டிவி பாத்துட்டே என் 1911 ஸ்லைட இழுத்து இழுத்து விடுவேன், ஆறே மாசத்துல கறுப்பு போய் உள்ள சாம்பல் கலர் இளிக்க ஆரம்பிச்சுது. எஃகுல ப்ளூயிங்னு போடுற கருநீல பூச்சு தேஞ்சா வயசான அழகு வரும், இதுல முலாம் போன கவரிங் வளையல் மாதிரிதான் இருக்கு. அப்புறம் பின்னாடி இருக்குற ஹேமர, அதான் சுத்தியல, இழுத்தா புடிச்சு நிறுத்துற பல்லு மழுங்கி இப்ப ஹேமர் நிக்கவே மாட்டேங்குது, ஸ்பேர் கேட்டா வித்தவங்க கிட்டேர்ந்து பதிலே இல்ல. ட்ரிகர சுத்தி இருக்குற வளையத்தோட உள்பக்கம் விரல விட்டு பாருங்க, நடுவுல ஒரு கோடு நெருடும், அச்சு ரெண்டும் சேர்ற இடம். ஒரு தடவ நெருடிடுச்சுன்னா அப்புறம் அதுமட்டும்தான் கண்ணுக்கு தெரியும் 😅

ஏர்சாஃப்ட்காரன்:
கேஸ் அடைச்சு சுடுற ப்ளோபேக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கிடுங்களேன் ப்ரோ, 6 மிமீ பிளாஸ்டிக் குண்டுதான், ஸ்லைடு தானா அடிக்கும், செம ஃபீலிங்.

மெதுவா_பேசு:
அவர் சுட ஆர்வம் இல்லன்னு முதல்லயே சொல்லிட்டாரு, நீங்க வேற. ஏர்சாஃப்ட்னா கண் பாதுகாப்பு, கேஸ், சீல் போறதுன்னு அது தனி தலைவலி. பிளாங்க், அதாவது குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்ற தோட்டா, சுடுற டைப் பக்கமே போகாதீங்க, அத மாத்தி நிஜ துப்பாக்கி ஆக்குறவங்க இருக்குறதால பல நாட்டுல அதுக்கு கெடுபிடி ஜாஸ்தி.

சட்டத்த ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பாருங்க, ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டன்ல 2006 சட்டத்துக்கு அப்புறம் நிஜம் மாதிரியே இருக்குற போலி துப்பாக்கி விக்கவோ இறக்குமதி பண்ணவோ கூடாது, மியூசியம், சினிமா, நாடகம் மாதிரி சிலதுக்குதான் விலக்கு. அமெரிக்காவுல பொம்மை துப்பாக்கி முனையில ஆரஞ்சு கலர் வேணும். ஜப்பான்ல 1971லேர்ந்து உலோகத்துல செஞ்ச மாடல் பிஸ்டல் வெள்ளை இல்லனா மஞ்சளா இருக்கணும், குழலையும் அடைச்சிருக்கணும். மஞ்சள் லூகர நினைச்சு பாருங்க, வாழைப்பழம்தான்.

சட்டம் ஓகேன்னாலும் எதிர்ல நிக்கிறவனுக்கு அது ரெப்ளிக்கான்னு தெரியாது பாருங்க. நான் ஒரு சாயங்காலம் நல்ல வெளிச்சம் இருக்கேன்னு பால்கனியில வச்சு ஃபோட்டோ எடுத்தேன், எதிர் வீட்டுல யாரோ பாத்துட்டு போலீஸுக்கு போன் போட்டுட்டாங்க. வந்தவங்க கதவ தட்டினப்ப அத கையில வச்சுட்டே போய் திறக்க இருந்தேன், ஏதோ நல்ல நேரம், சோஃபாவுல போட்டுட்டு போனேன். இன்னிக்கும் நினைச்சா வயித்த கலக்குது. அதுலேர்ந்து ஜன்னல் பக்கம்கூட எடுத்துட்டு போறதில்ல. ஊருக்கு போறப்ப விமான கேபின் பையில வைக்கிற எண்ணமும் வேண்டாம், பொம்மைனாலும் எடுத்து வச்சுப்பாங்க. உங்க வீட்டுக்காரங்க கேட்டதுல நியாயம் இருக்கு.

தூசிதட்டி:
எல்லாருக்கும் நன்றி. பால்கனி கதைய வீட்டுல சத்தமா படிச்சு காட்டினேன், காட்டியிருக்க கூடாது போல 😂 அரை மணி நேரம் பேசி ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க, பூட்டு போட்ட கண்ணாடி பெட்டியில இருக்கணும், சாவி அவங்ககிட்ட, குழந்தைங்க வந்தா பெட்டியே பரண் மேல. சட்டத்த பாத்துட்டு லூகர்னே முடிவு பண்ணிட்டேன், 1911 வாங்கினா நானும் டிவி முன்னாடி இழுத்துட்டுதான் உக்காந்திருப்பேன். எக்ஸ்ட்ராக்டர் அசையுமான்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன்.

முழங்கால்பூட்டு:
சூப்பர். வந்ததும் டாகிள இழுத்துட்டு விடும்போது கட்டைவிரல மேல வைக்காதீங்க. எனக்கு மொத நாளே தோல் மாட்டுச்சு.