உக்கார்ற வாக்கர் போட்டா விழாம நடக்குமாம்!

பாலாத்துமணல்: “குழந்தையை நடுவுல உக்கார வெக்கற சக்கர வாக்கர் வாங்கிப் போடுங்க, விழாம பத்தே மாசத்துல நடந்துடும்”னு நேத்து இங்க ஒரு மேதாவி எழுதியிருந்தாரு. விழாமயா? 2012ல வந்த நியூயார்க் ஆய்வுல, 12லேர்ந்து 19 மாசக் குழந்தைங்க மணிக்கு சராசரி 2368 அடி வெச்சுது, 17 தரம் விழுந்துது. வாக்கர்ல தொங்குற குழந்தை விரல் நுனியால தரையை உந்துது. தன் பாதத்தைக்கூட பாக்க முடியாது. சாஞ்சா நிமுந்துக்கற வேலையை வண்டியே பாத்துக்குது, அப்புறம் இடுப்பு எங்க பழகும்? கனடாவுல 2004லயே தடை.

குடியாத்தத்தான்: அந்த மேதாவி நான்தான். மணிக்கு 17 இல்ல சார், நாளுக்கு 17. கண்ணாடி போட்டு படிங்க.

பாலாத்துமணல்: மணிக்குத்தான். 2368ஐ 17ஆல வகுங்க, 139 அடிக்கு ஒருதரம்.

குடியாத்தத்தான்: எட்டு மணி நேரத்துக்கு 136 தரம்! மண்டை மிஞ்சுமா?

பாலாத்துமணல்: மிஞ்சும். உயரமும் கம்மி, எடையும் கம்மி. முட்டி மடங்கி பொத்துனு உக்காரும், இல்ல உள்ளங்கையை ஊணிக்கும். புதுசா நடக்கறப்போ காலை அகட்டி, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிகினு, பாதத்தைத் தட்டையா வெக்கும். நாளாக ஆக அகலம் குறையும், அடி நீளும், கை இறங்கும், குதிகால் முதல்ல படும். இதெல்லாம் நடந்து நடந்து வர்றது, கடையில விக்கறதில்ல.

காட்பாடி_ஜங்சன்: நடைவண்டியே போதும்பா. ஆனா மொசைக் தரையில சறுக்கிகினு ஓடும், குழந்தை குப்புற விழும். சக்கரத்துல பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டு. கைப்பிடியைப் புடிச்சி எழும்போது வண்டி பின்னால சாயும், முன்பக்கம் ரெண்டு கிலோ அரிசிப்பையை கட்டு.

குடியாத்தத்தான்: வட ஆற்காட்டுல எல்லாரும் பொறியாளர்தான்.

காட்பாடி_ஜங்சன்: வட ஆற்காடு மாவட்டம் 1989லயே பிரிஞ்சாச்சு. நீ இன்னும் அங்கயே கீற.

குடியாத்தத்தான்: போன மாசம் ஆம்பூரை வேலூர் மாவட்டம்னு எழுதினவரு பாடம் எடுக்கறாரு. 2019லயே திருப்பத்தூருக்குப் போச்சு.

பாலாத்துமணல்: ஊர் பஞ்சாயத்தை விடுங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்குல தனியா நடக்கறது 8.2லேர்ந்து 17.6 மாசம் வரைக்கும் இயல்பு. 18 தாண்டியும் நடக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டணும், வாக்கர் கடைக்குப் போகக் கூடாது.

குடியாத்தத்தான்: அதெல்லாம் இருக்கட்டும். நாளுக்கு 17.

பாலாத்துமணல்: மணிக்கு!